ஒரு முழம்

ஸ்கேனருக்கும் என் மடிக்கணினிக்கும் நடுவே
ஒரு முழம்.
ஒரு காபிக் கோப்பை வைக்கலாம், வைத்திருக்கிறேன்.
கணினி சாதிக்கிறது:
அப்படியொரு கருவியை நான் கண்டதே இல்லை.

ஔலுவில் பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தாறு.
திங்கட்கிழமைக்குள் குடியிருப்புச் சங்கத்தின்
நூற்றுப் பதினேழு ரசீதுகள்
தணிக்கையாளர் ரையாவுக்குப் போய்ச் சேர வேண்டும்.
ரையாவுக்குக் காகிதம் ஆகாது. தும்முவாள்.

எல்லாரும் செய்வதைத்தான் முதலில் செய்தேன்:
அணைத்தேன், முப்பது எண்ணினேன், போட்டேன்.
பிறகு ரூட்டரை அணைத்தேன்.
இருபத்திரண்டில் பொறுமை போய்ப் போட்டுவிட்டு,
மனசு கேட்காமல் மறுபடி அணைத்து
முப்பதையும் முழுசாக எண்ணினேன்.
விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்தன.
ஸ்கேனரின் நீலம் மட்டும் சிமிட்டாமல் நின்றது:
நான் இணைந்துதான் இருக்கிறேன், உனக்கென்ன கேடு?

யுஎஸ்பி கம்பி இருந்தது ஒரு காலத்தில்.
இல்போ எடுத்துப் போய்விட்டான், கெமிக்கு,
நல்ல ஸ்க்ரூடிரைவரோடு சேர்த்து.

சேவை எண்ணில் நாற்பது நிமிடம் அக்கார்டியன்.
பிறகு ஸாமுலி என்றொரு பையன்,
குரலில் இன்னும் மீசை முளைக்காதவன்.
ஸ்கேனரின் சின்னத் திரையில் உள்ள எண்ணைப் படியுங்கள்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு, ஒன்று, இருபத்து மூன்று.
உங்கள் கணினியில்?
அதே, அதே, ஐம்பது, ஏழு.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
நீங்கள் விருந்தினர் வலையில் இருக்கிறீர்கள், என்றான்.
அதில் இருப்பவர்கள் உலகத்துக்கெல்லாம் போகலாம்,
வீட்டுக்குள் இருப்பதை மட்டும் பார்க்க முடியாது.
ஒரு பாதுகாப்புக்காக.

எத்தனை நாளாக, என்று கேட்டேன்.
பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்.

எனக்குத் தெரியும். ரூட்டர் வந்த அக்டோபர்.
ஏணியில் இல்போ, கீழே நான், உள்ளங்கையில் ஆணிகள்.
இறங்கி வந்து ஒரு துண்டுச் சீட்டு தந்தான்.
மேலே துலிக்கிக்கு என்று போட்டு, கீழே கடவுச்சொல்.
ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொண்டேன். ஆறு வருஷம்.
வந்தவர்க்கெல்லாம் அதைத்தான் காட்டினேன்:
அவன் தங்கைக்கு, குழாய் சரிசெய்ய வந்தவருக்கு,
புயலில் ரயில் நின்று ஓரிரவு தங்கிய
ஸ்வீடன்காரச் சேர்ந்திசைக் குழுவுக்கு.

எங்கள் மொழியில் விருந்தாளிக்கும் அந்நியருக்கும்
சொல் ஒன்றுதான். வியராஸ்.
எது எப்போது என்று
இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

வஞ்சகம் என்று சொல்ல மாட்டேன்.
அலுவலகக் கணினி உள்ளே, மற்றதெல்லாம் வெளியே
என்று அவன் கம்பெனியில் சொல்லியிருப்பார்கள்.
மற்றதெல்லாம் என்பதில் நானும் அகப்பட்டுவிட்டேன்.
ஸ்கேனர் எப்படித் தப்பியது, அதுதான் தெரியவில்லை.

நாற்காலி. டார்ச். வாசிக்கும் கண்ணாடி.
ரூட்டரின் அடியில், தூசுக்குக் கீழே ஸ்டிக்கர்,
பதினாறு எழுத்து. எட்டா, பி-யா?
மூன்றாவது முயற்சியில் பி.
அலமாரி மேல் மடிக்கணினி, நாற்காலி மேல் நான்,
அப்படி நின்றபடியே
என் வீட்டுக்குள் வந்தேன்.

எல்லாரும் இங்கேதான் இருந்திருக்கிறார்கள்:
ஸ்கேனர், தொலைக்காட்சி, ஸவுனாவின் வெப்பமானி,
இல்போவின் பழைய போன்,
கடைசியாகத் தென்பட்டது மூன்று வருஷத்துக்கு முன்.

முதல் ரசீதைக் கண்ணாடியில் கவிழ்த்தேன்.
வெளிச்சம் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு
அவசரமில்லாமல் போனது.
பனி அள்ளும் மண்வாரி ஒன்று, பதினான்கு யூரோ தொண்ணூறு.
ஓரம் மடிந்திருந்தது. ரையா மன்னிப்பாள்.

தெரிகிறதா, என்றான் ஸாமுலி.
தெரிகிறது.
வேறு ஏதாவது உதவி வேண்டுமா?
விருந்தினர் வலையை எப்படி அணைப்பது என்று
கேட்க வாயெடுத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை இல்போ வருகிறான்,
பனிச்சறுக்குக் கட்டைகளை எடுத்துப் போக.
சீட்டு ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது.
வேண்டாம், என்றேன், நன்றி.

இன்னும் நூற்றுப் பதினாறு.