தொப்பூர் ஏற்றம்

திங்கட்கிழமை, முதல் ஷிஃப்ட்.
தர்மபுரி அரசு ஆஸ்பத்திரி, நான்காம் நம்பர் மிஷின்.
திம்மராயன் அண்ணனுக்குப் பொட்டாசியம்
ஆறு புள்ளி எட்டு.

என்ன சாப்பிட்டீங்க?
கூரையைப் பார்க்கிறார்.
"பழைய கிளீனர் பையன் வந்தான் பாப்பா.
சந்தூர் லோடு. ரெண்டே ரெண்டு மாம்பழம்."

டாக்டர் ஓடி வந்து முதலில் கால்சியம்,
பிறகு இன்சுலின், கூடவே குளுக்கோஸ்.
"எனக்குத்தான் சுகர் இல்லியே?"

இல்லைதான். இது உள்ளே இருக்கும் பம்புகளை உசுப்ப.
ஒவ்வொரு செல்லின் சவ்விலும் ஆயிரக்கணக்கில்.
மூன்று சோடியத்தை வெளியே தள்ளும்,
இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும்,
சுற்றுக்கு ஒரு ஏடிபி. கடன் கிடையாது.
உள்ளே ஏற்கெனவே பொட்டாசியம் நெரிசல்,
ஆனாலும் உள்ளேதான் ஏற்றும்.
நிறுத்தினால் இரண்டு பக்கமும் மெல்லச் சமமாகிவிடும்.
சமம் என்பது எவ்வளவு நல்ல சொல்.
செல்லுக்கு அது சாவு.

"அதாவது ஏத்தத்துல லோடு," என்கிறார்.
சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர்.
ரெண்டாவது கியர், உறுமல்,
டீசல் முள் கண்ணெதிரே சாயும்.
இறங்கும்போது?
"இறங்க என்ன காசு? நியூட்ரல்ல விட்டாலே போகும்.
அப்படி விட்டவங்களப் பாத்திருக்கேன்."
அதற்குமேல் சொல்லவில்லை.

ஃபில்டரைப் பொருத்துகிறேன்.
இதுவும் சவ்வுதான், உயிரில்லாத சவ்வு.
பசிக்காது. மிகுந்த பக்கத்திலிருந்து
குறைந்த பக்கம், இறக்கம் மட்டுமே தெரியும்.
அந்த இறக்கத்தை நாங்கள் செய்து தருகிறோம்,
பக்கத்துக் குழாயில் புதுத் திரவம் ஓட ஓட.

எட்டே காலுக்குக் கரண்ட் போனது.
பேட்டரி போன வாரமே செத்துவிட்டது.
ஐந்து மிஷினும் சேர்ந்து அலறின.
கைப்பிடியைச் செருகிச் சுற்றுகிறேன்,
அவர் ரத்தம் என் மணிக்கட்டின் வேகத்தில் போய்
அவரிடமே திரும்புகிறது.
ஒன்று, இரண்டு, தோள் எரிகிறது,
பஸ் ஸ்டாண்டில் நின்றபடி தின்ற நாலு இட்லியில்
ஒன்று, சும்மா படுத்திருந்தாலும்,
அந்தப் பம்புகளுக்கே போகுமாம்.
மற்ற மூன்றும் இப்போது இந்தக் கைப்பிடிக்கு.

"எத்தனாவது கியர்?" கண்ணை மூடியபடி கேட்கிறார்.
ரெண்டு, என்கிறேன், மூச்சு வாங்க.
"மாத்தாதே. அப்படியே போ."

ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடித்தது.
கையை உதறிக்கொண்டு நோட்டில் நேரம் எழுதினேன்.
பன்னிரண்டரைக்கு ஊசிகளை எடுக்கும்போது
அவர் சட்டைப் பையில் ஏதோ புடைப்பு,
மெல்லிய வாசனை.
பார்த்தேன். அவரும் பார்த்தார்.
எடுத்து என் மேஜைமேல் வைத்துவிட்டு
வியாழக்கிழமை வருகிறேன் என்று போனார்.