புள்ளி வரி

புள்ளி வரி எழுத வந்தவர்
ஸ்கூட்டரை வெயிலிலேயே விட்டுவிட்டு
நீள நோட்டைப் பிரித்தார்.
'அண்ணன் ஒரு புள்ளி. தம்பி ஒரு புள்ளி.
சிங்கப்பூர்ல அண்ணன் மகன், அவுக ஒண்ணு.
மூணு புள்ளி, உமையா ஆச்சி.'
'நான்?'
பேனாவால் காதோரம் சொறிந்தார்.
'நீங்கதான் கலியாணம் கட்டிக்கிடலையே.'

பள்ளத்தூரில் அப்போது மின்சாரம் இல்லை.
விசிறி நின்ற வீட்டில்
சொன்னது எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

அரைப்புள்ளியும் உண்டாம்,
துணை போய்ச் சேர்ந்தவர்களுக்கு.
அரைக்கும் ஒரு தாலி வேண்டியிருக்கிறது.

முப்பத்தாறு வருடம்
எண்ணுவதுதான் எனக்குச் சம்பளம்.
லண்டனில் மூன்றாம் மாடி, பிறகு ஹாங்காங்,
பிறகு தோஹாவில் ஜன்னலே இல்லாத ஓர் அறை.
எத்தனை பேர்? யார் சொன்னது?
வேறு யாராவது சொன்னார்களா?
இரண்டு வாய் சொல்லாமல்
எந்த எண்ணும் திரைக்குப் போகக்கூடாது,
நான் போட்ட சட்டம்.
பையன்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்த பெயர்
'ரெண்டாவது வாய்'.
தெரியாததுபோல் இருந்தேன்.

திங்கட்கிழமைகளில் வேறு புள்ளிகள் வரும்,
போன வாரம் எங்களை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று.
நிலநடுக்கத்துக்கு இரண்டே கால்.
தேர்தலுக்கு ஒன்றரை.
பஞ்சத்துக்கு அரைகூட இல்லை.
அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு
பஞ்சத்தை ஆறாவது செய்திக்கு இறக்கினேன்.
மறுநாள் ஏழாவது.
அப்புறம் வானிலைக்குப் பின்னால்.
அப்புறம் பஞ்சம் இருந்தது, செய்தி இல்லை.
எனக்குப் பதவி உயர்வு அதற்காக வந்தது என்று சொல்ல மாட்டேன்.
அதே மாதம் வந்தது.

சட்டத்தை மீறியது ஒரே ஒரு தடவை.
எதிர்ச் சேனலில் பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தது,
பெயர்களோடு.
எங்களிடம் ஒரு வாய்தான்.
மணி எட்டு ஐம்பத்தெட்டு.
'போடு' என்றேன்.

ஒன்பது ஐந்துக்குத் தொலைபேசி.
எங்கள் வண்டி ஓட்டுகிற யூனுஸ்.
'மேடம், டீக்கடையில் டிவி பார்க்கிறேன்.
நான் செத்துப்போயிருக்கிறேன்.
கடைக்காரர் டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்கிறார்.'
அவன் சிரித்தான்.
அந்த அறையில் எல்லோரும் சிரித்தோம்,
அப்படிச் சிரிக்கப் பழகிய அறை அது.
திருத்தம் விடிகாலை மூன்று மணிக்குப் போனது,
எட்டு நொடி.
அந்நேரம் விழித்திருந்தது யார்?

வெகு காலம் கழித்து அவன் மகள் எழுதியிருந்தாள்:
தெருவில் இன்னும் 'செத்தவன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
அப்பாவும் திரும்பிப் பார்க்கிறார்.

வரிக்காரர் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார்.
'மனசிருந்தா நன்கொடைன்னு எழுதிக்கிடுதேன் ஆச்சி,
எவ்வளவுன்னாலும் சரி.
புள்ளிதான் முடியாது.'
எழுதச் சொன்னேன்.
இந்த வீட்டின் சாவியே அண்ணன் கொடுத்தது,
நன்கொடைக்கு எனக்கென்ன கூச்சம்.

பிறகு, பழக்கதோஷம்,
'மூணுன்னு யார் சொன்னது?' என்று கேட்டேன்.
'அண்ணன்தான். போன்ல.'
'வேற யாரும்?'
சிரித்துவிட்டார்.
'சொந்த அண்ணன் சொன்னாப் பத்தாதா?
ஏன், தப்பா?'

சிங்கப்பூர்ப் பையனுக்கு மார்ச்சில் விவாகரத்து.
அண்ணனுக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும்,
ராத்திரி இரண்டு மணிக்கு அவனே அழைத்து அழுததால்
எனக்குத் தெரியும்.
அது இப்போது ஒன்றா, அரையா, ஒன்றுமே இல்லையா,
அந்த நோட்டில் அதற்குப் பத்தி இருக்குமா,
எனக்குத் தெரியாது.
அவர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார்.
இந்த ஊரில் என்னை
இரண்டாவது வாயாக ஒருவர் கேட்டது அன்றைக்குத்தான்.

'மூணு சரிதான்' என்றேன்.

ஸ்கூட்டர் இரண்டு உதையில் கிளம்பியது.
தெருக்கோடி திரும்பும்வரை
கூப்பிட்டு மாற்றிச் சொல்ல நேரம் இருந்தது.
எண்ணிப் பார்த்தேன்,
எட்டு நொடிக்குக் கொஞ்சம் கூட.