காற்றுப்பெட்டி

கையேட்டின் முதல் வரி:
இஞ்சின் ஆறட்டும்.
சஸ்கட்டூனில், ஏப்ரலில்,
ஆறாத பொருள் ஏது?
கராஜ் கதவைப் பாதி தூக்கிவிட்டு
உள்ளே விழுந்த வெளிச்சத்தில்
அட்டைப்பெட்டியைப் பிரித்தேன்.
வளைந்த அலுமினியக் குழாய்,
கூம்பு வடிவில் சிவப்பு வடிகட்டி,
ரப்பர் இணைப்பு இரண்டு, கிளாம்ப் நான்கு,
திருகு ஐந்து.
கையேட்டில் ஆறு.

முந்நூற்றுப் பத்து டாலர்.
மார்லாவிடம் இருநூறு என்றேன்.
குளிர்காலம் முழுக்க
மேம்பாலம் ஏறும்போதெல்லாம்
வண்டிக்கு மேல்மூச்சு வாங்கியது.
பின்னால் வந்த லாரிக்காரன்
ஹாரனாலேயே திட்டினான்.
"காத்துப்பெட்டிய மாத்து" என்றான் ஒரெஸ்ட்
வேலிக்கு அந்தப்பக்கமிருந்து, கையில் காபியோடு.
எதைச் சொன்னாலும்
எதையாவது மாற்றச் சொல்கிறவன்.

பேட்டரி ஒயரைக் கழற்று.
கழற்றினேன்.
சென்சாரின் கொக்கியை அழுத்தி, மெல்ல இழு.
மெல்லத்தான் இழுத்தேன், உடைந்தது.
பத்து மில்லிமீட்டர் சாக்கெட்
கைநழுவி இஞ்சினுக்குள் விழுந்து
தரைக்கு வந்து சேரவே இல்லை.
பழைய கறுப்புப் பெட்டியின்
நான்கு கிளிப்பையும் நெம்பி
மூடியைத் தூக்கினேன்.

கூழாங்கல் என்றுதான் முதலில் நினைத்தேன்.
பழுப்பு. குட்டி எலும்பு வடிவம்.
சுண்டுவிரல் நகமளவு.
வடிகட்டியின் மடிப்பு மடிப்பாகச் செருகி,
மேலே அடுக்கி, மூலையில் குவித்து,
நடுவில்
போனட்டின் அடிப்பஞ்சைப் பிய்த்துப் போட்ட மெத்தை.
மெத்தையில் மார்லாவின் பச்சைத் தையல்நூல்.
எலி இல்லை. வீட்டைக் காலி செய்திருந்தது.
சமையலறைத் தராசில் எடைபோட்டேன்:
ஆயிரத்து நானூறு கிராம்
நாய்த்தீனி.

பாபின் செத்தது மார்ச் ஒன்பதாம் தேதி.

அதன் தீனிமூட்டை இந்தக் கராஜில்தான் இருந்தது,
அதோ, பனிமண்வெட்டிக்குப் பக்கத்தில்.
நவம்பரில் மூட்டை சீக்கிரம் இளைத்தது.
வாயால் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்று முடிவுகட்டி
திருட்டு நாயே என்றேன்,
ஒரு நாயைப் பார்த்தே.
அளவுக் கோப்பையில் ஒரு கோடு குறைத்தேன்.
தட்டை நக்கி நக்கிச் சுவர்வரை தள்ளிக்கொண்டு போகும்.
டிவியைத் தாண்டிக் கேட்கும் அந்தத் தகரச் சத்தம்.
நடிப்பு என்றேன்.
கராஜ் கதவின் கீழ் இடுக்கில் மூக்கை வைத்து
மணிக்கணக்கில் மோப்பம் பிடிக்கும்.
பார், மறுபடியும் திருடப் பார்க்கிறது என்றேன்.

"சிறுநீரகம்தான் காரணம்" என்றாள் மார்லா,
"பதினாலு வயசு வேற."
நான் எதுவும் கேட்கவில்லை.
சற்றுக் கழித்து
இன்னொரு முறை சொன்னாள்.

பழைய பெட்டியைத் தட்டிக் கழுவி மாட்டினால்
வண்டி ஓடும். தெரிகிறது.
ஆனால் உறை பிரித்ததைக் கடையில் திரும்ப வாங்கமாட்டார்கள்.
குழாயைப் பொருத்தினேன்.
உடைந்த கொக்கிக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டு.
ஆறாவது திருகை
பழைய பெட்டியிலிருந்தே எடுத்தேன்.
எல்லாவற்றையும் இறுக்கி முடித்தபின்தான்
ஒரு கிளாம்ப்
மேஜையில் இருப்பதைப் பார்த்தேன்.
மறுபடியும் முதலிலிருந்து.

ஏழு மணிக்குச் சாவியைத் திருப்பினேன்.
முதல் முறை இருமி அணைந்தது.
அடுத்த முறை பிடித்துக்கொண்டது.
ஒரெஸ்ட் வேலியில் கோப்பையைத் தட்டினான்.
ஆக்சிலேட்டரை மிதித்து விட்டபோது
அந்தச் சத்தம் வந்தது,
பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்து
விற்கிறார்களே, அந்தச் சத்தம்:
மூடிய கதவின் கீழ் இடுக்கில்
மூக்கை வைத்து
இழுத்து இழுத்து உள்வாங்குவதுபோல.

இன்னொரு முறை மிதித்தேன்.
சமையலறைக் கதவில் மார்லா நின்றிருந்தாள்,
ஈரத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.
சாவியைத் திருப்பி அணைத்தேன்.
வெகுநேரம் கழித்து,
"இருநூறு டாலருக்கா இது?" என்றாள்.

முந்நூற்றுப் பத்து என்றேன்.