சாரணைக்கு ஒரு பொய்த் தண்ணீர்

முதல் வருசம் உன்னைக் கீரையென்று நம்பினேன்.
செம்மண்ணில் தளதளவென்று படுத்துக் கிடந்தாய்,
தண்டில் ஒரு சிவப்பு, இலையில் ஒரு சதைப்பிடிப்பு.
பருப்புக் கீரைதானே என்று மடிநிறையப் பறித்து
பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்தேன்.
அன்று ராத்திரி
கல்லல் ஸ்டேஷனில் கடைசி ரயில் போன பிறகும்
எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.
செம்பும் கையுமாக
ஒருவர் வர, ஒருவர் போக.

அதற்கப்புறம்தான் குத்தவைத்து,
மூக்கு மண்ணில் படும்படி உன்னைப் பார்த்தேன்.
பருப்புக் கீரைக்கு மஞ்சள் பூ.
உனக்கு இளஞ்சிவப்பு, அதுவும் கணுவுக்குள் பதுங்கி
கொஞ்ச நேரம் கண் திறந்துவிட்டு மூடிக்கொள்வது.
எதிரெதிரே இரண்டிரண்டு இலை.
அதில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது,
ஒரே தட்டில் சாப்பிட்டும்
ஒத்து வளராத அண்ணன் தம்பி மாதிரி.

மூக்கிரட்டை என்று சாதித்தாள் பஞ்சவர்ணம்.
"மூக்கிரட்டைக் காய் சேலையில ஒட்டுமுல்ல?
இது எதுலயும் ஒட்டாதுடி" என்றேன்.
மறுபடி குனிந்து பார்த்தாள்.
சாரணை.
பேர் தெரிந்ததும் பாதி வேலை முடிந்ததென்று நினைத்தேன்.
மீதிப் பாதிக்கு மூன்று கோடை ஆனது.

குத்தகை நிலம், ஒண்ணரை ஏக்கர், கடலை.
உறங்கான் அம்பலத்தின் போர்த் தண்ணீர்
மணிக்கு இவ்வளவென்று.
ஆள் விட்டு உன்னைப் பிடுங்கி
வரப்பில் குவித்துவிட்டு
வெயில் பார்த்துக்கொள்ளும் என்று வீட்டுக்குப் போனோம்.
உடம்பெல்லாம் தண்ணீர் வைத்திருக்கிறவளை
வெயில் என்ன செய்யும்?
வேர் அந்தரத்தில் தொங்க
படுத்த வாக்கிலேயே விதையை முற்றவைத்தாய்.
சித்திரையில் ஒரு மழை. ஒரே ஒரு மழை.
வரப்பு முழுக்க நீ.

அடுத்த வருசம் உரக்கடைக்காரர்
பாட்டிலை ஆட்டிக் காட்டினார்.
"கடலை போட்டு எத்தனை நாளாச்சு?"
"நாலு இலை விட்டிருச்சு."
பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.
"இது முளைக்கிறதுக்கு முன்னாடி அடிக்கிறது. அடுத்த வருசம் வெள்ளன வாங்க."
களைக்கொத்தியோடு போனேன்.
கூலி கொடுத்தது போக
கடலை வித்த காசில் மிஞ்சியது
ஒரு ஜோடி செருப்பு.

இந்த மாசியில்
உழுது, பரம்படித்து, பாத்தி கட்டி,
ஒரு கடலைகூடப் போடாமல்
தண்ணீரைத் திறந்துவிட்டேன்.
மோட்டார் ரூம் வாசலில் நின்று
"வெத்து நெலத்துக்கு எதுக்குத்தா தண்ணி?" என்றார்
உறங்கான் அம்பலம்.
"விருந்தாளி வர்றாக" என்றேன்.

ஐந்தாம் நாள் வந்தாய்.
பொட்டுப் பொட்டாக, பிறகு பாத்தி பாத்தியாக,
அழைப்பை நம்பிக் குடும்பத்தோடு.
ஈரம் பொய்யென்று உனக்கு யார் சொல்வது?
கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.
அந்த ராத்திரிச் செம்பை நினைத்துக்கொண்டேன்.

பூக்க உனக்கு இருபது நாள் போதும்.
பன்னிரண்டாம் நாளே நானும் பஞ்சவர்ணமும்
மேலோடு மேலாகச் சுரண்டினோம்.
ஆழக் கொத்தினால்
அடியில் தூங்குகிற உன் பிள்ளைகளை
நாங்களே தட்டி எழுப்பினது போலாகும்.
பூ விட்டிருந்த இரண்டொன்றைச் சாக்கில் போட்டுக் கட்டினோம்.
வரப்புப் பக்கம் ஒரு இலை போகவில்லை.
மறுபடி ஒரு தண்ணீர்.
மறுபடி வந்தாய், இந்தமுறை எண்ணிவிடலாம் போல.
அதன் பிறகுதான் கடலை போட்டேன்.
முப்பத்தைந்தாம் நாள் செடிகள் கைகோத்து
மண்ணில் வெளிச்சம் விழாமல் மூடிக்கொண்டன.

நேற்று மோட்டார் ரூம் பக்கம்,
குழாய் ஒழுகுகிற இடத்தில், ஒன்றைப் பார்த்தேன்.
கணுவின் பையை நகத்தால் கீறினேன்.
கறுப்பாக, சுருக்கம் சுருக்கமாக ஆறு விதை.
உள்ளங்கையில் கொட்டி எண்ணினால் ஐந்துதான்.
செம்மண்ணில் ஒரு கறுப்புப் புள்ளியைத் தேடுவது
சுலபமென்றுதான் தோன்றும்.
பொழுது சாயும்வரை தேடினேன்.

வரும் மாசிக்கும்
நாலு மணி நேரத் தண்ணீர் சொல்லி வைத்திருக்கிறேன்.
யாருக்கென்று இந்தமுறை
உறங்கான் அம்பலம் கேட்கவில்லை.