ஒன்பதாம் சென்டிமீட்டர்

மேசைமேல் கிடக்கிறது பஹீஜாவின் பின்னல்.
நாற்பத்தோரு சென்டிமீட்டர்.
வேர்ப்பக்கம் நூலால் ஒரு முடிச்சு,
தலைகீழாய்ப் படித்துவிடக் கூடாதென்று.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும்.
முதல் துண்டு ஆகஸ்ட். அதற்கடுத்தது ஜூலை.
கத்தரித்து, அமிலத்தில் கரைத்து,
ஊசி எங்கே போய் நிற்கிறதென்று பார்ப்பேன்.
கரைத்தது திரும்பாது.
படித்த பக்கத்தைத் தின்றுகொண்டே போகிற வேலை.

என் பெயர் யூனான்.
பாக்தாத் மருத்துவமனையின் பின்கட்டில்
பாதரசம் எண்ணுகிறவன்.

ஜூன், மே, ஏப்ரல். ஊசி ஏறிக்கொண்டே போகிறது.
பிப்ரவரியில் தட்டின் விளிம்பைத் தொட்டு நடுங்குகிறது.
ஜனவரியில் இறக்கம்.
ஒன்பதாம் சென்டிமீட்டர், டிசம்பர்,
படியில் கால் தவறியதுபோல் சட்டென்று விழுகிறது.
பத்தில் ஒன்றுமில்லை.
பத்தில் வெறும் பார்லி, பேரீச்சை, மோர்.

அந்த டிசம்பரில்தான் மூட்டையைப் பிரித்தார்கள்.
மெக்ஸிகோவில் விளைந்த கோதுமை.
கடல் தாண்டி பஸ்ராவில் இறங்கி
ரயிலேறி, லாரியேறி,
கடைசி மூன்று மைல் கழுதை முதுகில்.
வந்து சேர்ந்தபோது விதைப்பு முடிந்திருந்தது.
மண்ணுக்கு வந்ததை வயிறு வாங்கிக்கொண்டது.

சாக்கில் ஸ்பானிய மொழியில் ஏதோ.
பக்கத்தில் ஒரு மண்டையோடு.
முத்லக் அதைத் தடவிப் பார்த்துச் சொன்னானாம்:
"பட்டினியில் செத்தவன் போல.
நம்மை மாதிரி ஆட்களுக்கென்றே அனுப்பியிருக்கிறார்கள்."

தானியம் ரோஜா நிறம்.
பஹீஜா ஏழு தண்ணீரில் கழுவினாள்.
முதல் தண்ணீர் மாதுளைச் சாறு,
ஏழாவது தண்ணீர் தண்ணீர்.
சாயம் வெளுத்தது.
குட்டு மட்டும் வெளுக்கவில்லை.

அறியாதவள் என்று கோப்பில் எழுதியிருக்கிறார்கள்.
அவள் கோழிகளுக்குப் போட்டு
நான்கு நாள் காத்திருந்தாள்.
கோழிகள் முட்டையிட்டன.
நான் இங்கே செய்வதும் அதுதான்.
அவளுக்கு நாட்கள் போதவில்லை, அவ்வளவே.

ஐந்தாம் நாள் தனூர் அடுப்பைப் பற்றவைத்தாள்.
அந்தக் குளிர்காலத்தில்
ஊரிலேயே வெள்ளை ரொட்டி அவள் வீட்டில்தான்.

முதலில் விரல்நுனி மரத்தது.
பிறகு உதட்டைச் சுற்றி.
பிறகு உலகம் ஒரு குழாய்க்குள் ஒடுங்கியது:
முத்லக்கின் முகம் தெரியும்,
அவன் நீட்டிய கை தெரியாது.
முத்லக்கைப் புதைத்தபோது
அளக்கிறவர்கள் யாரும் இன்னும் வந்திருக்கவில்லை.
மிச்ச மூட்டைகளை ஊரார் இருட்டில் ஆற்றில் கொட்டினார்கள்.
ஆற்றுக்குப் பின்னல் இல்லை.

இன்று அவளே வந்தாள்,
சுவரைப் பிடித்து, சுவரைப் பிடித்து.
இடுப்பில் ஏப்ரலில் பிறந்தவன்.
கதவு அறைந்து சாத்தியது. நான் துள்ளினேன்.
அவன் துள்ளவில்லை.

"இவன் பிறந்த நாள் இதில் எங்கே?" என்றாள்.
ஐந்தாம் துண்டு. கரைத்துவிட்டேன்.
எண்ணைச் சொன்னேன். அவள் எண்ணைக் கேட்கவில்லை.

மீதி முப்பத்தொரு சென்டிமீட்டர்,
ஊசி அசையாத பகுதி,
அதைத் திருப்பித் தரச் சொன்னாள்.
விதியில் இடமில்லை. கொடுத்தேன்.

உள்ளே வைக்க ஒரு பையை விரித்தாள்.
சாக்கில் தைத்த பை.
துவைத்துத் துவைத்து மங்கிய சிவப்பில்
தையலுக்கு இந்தப் பக்கம் 'வெனே',
அந்தப் பக்கம் 'னோ'.
அந்த மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்.
போன மாதம்தான் கற்றுக்கொண்டேன்: விஷம்.

பையைப் பிடுங்கினேன் என்றே சொல்லவேண்டும்.
பதிலுக்கு என் மதியச் சோற்றுத் துணியை அவிழ்த்து
ரொட்டியோடு கையில் வைத்தேன்.

அவள் ரொட்டியை முகர்ந்தாள்.
வெளிச்சத்தில் தூக்கி, தன் குழாய்க்குள் கொண்டுவந்து,
வெகுநேரம் பார்த்தாள்.

"எந்த ஊர் மாவு?" என்றாள்.

தெருக்கோடிக் கடையில் காலையில் வாங்கியது.
கடைக்காரன் பெயர் தெரியும்.
அதற்கு மேல்