சுருண்ட நுனி

"நுனியைப் பார்" என்றான் பத்திமாகரன்.
ரோச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
எண்பது றாத்தல் தங்கூசி,
முனை பன்றிவால்போலச் சுருண்டிருந்தது.

சீலாவின் பல் பட்டிருந்தால் கத்தரித்ததுபோலிருக்கும்.
பாலத்துத் தூணில் ஊரி உரஞ்சியிருந்தால்
வெள்ளைபூத்துச் சிலும்பியிருக்கும்.
சுருள் என்றால் ஒன்றுதான்.
நூல் அறவில்லை. முடிச்சு வழுகியது.
முடிச்சுப் போட்டது நான்.

பண்ணையில் வற்றுநீர் இழுத்துக்கொண்டிருந்தது.
ஒரு நிமிடத்துக்கு முன்புவரை
என் தடி கோட்டைப் பக்கம் வளைந்து நின்றது,
றீல் அழுதது.
ஊர்காவற்றுறைக்குப் போன கடைசி வான் வேகம் குறைத்து
உள்ளிருந்து ஒருவர் தலைநீட்டி
"என்னண்ணை, பாரையோ?" என்று கேட்டார்.
"பாரைதான்!" என்று கத்தினேனே,
அதுதான் இப்போது கூச்சமாய்க் கிடக்கிறது.

பின்னேரம் முடிச்சுப் போடும்போது
தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.
தங்கச்சி கேட்கிறாள்,
காணி உறுதி ஆற்றை பேரிலை என்று.
அம்மா சொன்னது ஒன்று, நொத்தாரிசு எழுதினது ஒன்று.
"ஓம், ஓம்" என்றபடி நான் சுற்றினேன்.
ஏழு சுற்று.
கூடச் சுற்றினால் கூட உறுதி என்று
கைக்கு ஒரு எண்ணம்.
எச்சில் தொடவில்லை. வாய் காய்ந்திருந்தது.

மெல்லிய தங்கூசிக்கு ஏழு சரி.
ஓராவுக்கும் விளைமீனுக்கும் போடுகிற நூல்
சுற்றச் சுற்றப் பணியும்,
ஈரம் காட்டி இழுத்தால்
ஒன்றையொன்று ஒட்டிப் படுக்கும்.
எண்பது றாத்தல் அரைவாசி கம்பி.
மூன்று போதும், மிஞ்சினால் நாலு.
அதற்குமேல் சுற்றியது
முடிச்சுப்போலத் தெரிகிற ஸ்பிரிங்.

பத்திமாகரன் என்னை ஏசவில்லை.
குருநகரில் வலைக்கடையில் நிற்கிறவன்,
ஆட்கள் தொலைத்ததையெல்லாம்
அவர்களுக்கே திரும்ப விற்கிறவன்.
தன்னுடைய பச்சைப் பின்னல்நூலை இழுத்து
"இதுக்கு உன்ரை சுற்று ஒண்டும் சரிவராது" என்றான்.
உண்மைதான்.
பின்னல்நூல் இழுபடாது, பிடிகொடாது,
எந்தச் சுற்றுக்குள்ளிருந்தும்
விலாங்குபோல உருவிக்கொண்டு வரும்.
அதை இரண்டாய் மடிக்கவேண்டும்.
மடித்த தலையைத் தூண்டிலின் கண்ணுக்குள் விட்டு
சும்மா ஒரு முடிச்சு,
சப்பாத்துக் கட்டப் பழகுகிற பிள்ளைக்கும் வரும்.
இறுக்காமல் வைத்துக்கொண்டு
மிஞ்சின வளையத்துக்குள்ளால்
தூண்டிலையே முழுசாய் நுழைத்து எடுக்கவேண்டும்.
பிறகு எச்சில். பிறகு மெல்ல.
வெடுக்கென்று இழுத்தால் சூடேறும்,
சூடேறின நூல் வெளியே ஒன்றும் காட்டாமல்
பாதிப் பலத்தோடு நிற்கும்.

சீலாவுக்குக் கம்பி. அது எனக்குப் பழக்கம்,
மின்சாரசபையில் இருபத்திரண்டு வருஷம்.
கம்பிக்கு முடிச்சே கிடையாது.
இரண்டு காலும் சேர்ந்து முறுகவேண்டும்,
ஒன்று நிமிர்ந்து நிற்க மற்றது மட்டும் சுற்றினால் கழரும்.
மிச்சத்தைக் குறட்டால் வெட்டவும் கூடாது,
முன்னும் பின்னும் ஆட்டி முறிக்கவேண்டும்.
வெட்டின முனை
மீனைத் தூக்கும்போது கையைத்தான் கிழிக்கும்.

இதெல்லாம் தெரியும்.
தெரிந்துகொண்டுதான் பிழைவிட்டேன்.

சுருண்ட துண்டை நறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டேன்.
பத்திமாகரனின் பிளாஸ்கிலிருந்து
ஆறின தேத்தண்ணி ஒரு மிடறு,
விழுங்கமுதல் நாக்கால் முடிச்சை நனைத்தேன்.
மூன்று சுற்று.
போன் சட்டைக்குள் துடித்தது, நின்றது,
பேந்தும் துடித்தது.
இறுகிமுடியும்வரை எடுக்கவில்லை.

"எத்தினை தரம் அடிச்சனான்?" என்றாள்.
"முடிச்சுப் போட்டுக்கொண்டு நிண்டனான்."
"உறுதி?" என்றாள்.

தூண்டிலைப் பாலத்துக் கைப்பிடியில் மாட்டி
இன்னொருதரம் இழுத்தேன்.
"பொறு" என்றேன்,
"பாத்துக்கொண்டிருக்கிறன்."