இயந்திரம் பழுது

வில்மார் எத்செகோயன் முதல்முறை வந்தது செவ்வாய்க்கிழமை.
அக்குளில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் மாத்தே குடுவை,
சட்டைப்பையில் நாலாக மடித்த காகிதம்.
லாரிகளுக்கு பிரேக் பார்க்கிற கை,
நகக்கண்ணில் கருப்பு மசி.
"லண்டனுக்கு எட்டாயிரம் பெசோ அனுப்பணும்" என்றார்
பக்கத்தில் நின்றவளுக்குக் கேட்காதபடி.

காகிதத்தைக் காட்டமாட்டாராம். ரகசியமாம்.
ரகசியம் என்று அதிலேயே எழுதியிருக்கிறதாம்.
கண்ணாடிக்கு இப்பாலிருந்தே படித்துவிட்டேன்,
தலைகீழாக.
பன்னிரண்டு வருடமாக ஃப்ராய் பெந்தோஸ் ஊரின்
கரண்டு பில், தண்ணீர் பில், அபராதச் சீட்டு எல்லாம்
அப்படித்தான் படிக்கிறேன்.

அன்பிற்குரிய பயனாளியே,
உங்கள் குடும்பப் பெயரையே கொண்ட பொறியாளர் ஒருவர்
மனைவி மக்களோடு விபத்தில் மாண்டார்.
வாரிசு இல்லை. நாற்பது லட்சம் டாலர்.
உமக்குப் பாதி, எனக்குப் பாதி.
முத்திரைக் கட்டணம் மட்டும் முன்பணம்.
நாற்பத்தெட்டு மணி நேரம்.

எத்தனை முறைதான் சாவார் அந்த மனுஷர்!
எனக்கு வந்தபோது தாமிரச் சுரங்க முதலாளியாக இருந்தார்.
பெயர் பெரெய்ரா.
எனக்காகவும் குடும்பத்தோடுதான் செத்தார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்.
அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருந்தால்
வயிற்றெரிச்சல் என்றுதான் நினைத்திருப்பேன்.
ஆகவே
"இயந்திரம் பழுது" என்றேன்.
அதன் பச்சை விளக்கை மறைத்து
ரசீதுக் கட்டை நகர்த்தி வைத்தேன்.

புதன்: இன்னும் பழுதா?
மொந்தெவிதேயோவிலிருந்து ஆள் வரணும்.

வியாழன் கண்ணாடியைத் தட்டினார்.
"கூரை ஒழுகுது எனக்கு, தெரியுமா உனக்கு?"
தெரியும்.
தகரத்துக்குக் கட்டும் தவணையில் மூன்று மாத பாக்கி,
அதுவும் என் கவுண்டர்தானே.
காகித ஆலைப் பக்கமிருந்து காற்று வீசியது,
வெந்த முட்டைக்கோஸ் வாடை.
இருவரும் மூக்கைச் சுளித்தோம்,
அதில் மட்டும் ஒத்துப்போனோம்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.
மெர்செதெஸுக்கு பஸ் ஏறினால் அரைமணி நேரம்.
அங்கே இயந்திரம் ஓடும்.
அங்கே உட்கார்ந்திருக்கிற பெண்
யாரிடமும் ஏமாந்திருக்கமாட்டாள்.

வெள்ளி வரவில்லை.

திங்கட்கிழமை வந்தார், ஃபிளாஸ்கோடு.
காகிதத்தை அவரே பிரித்துக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார்,
நான் நேராகப் படிக்கட்டும் என்று.
"கெடு முடிந்தது. இன்னொரு நாற்பத்தெட்டு மணி கொடுத்தார்கள்.
அதுவும் முடிந்தது. இன்னும் ஒன்று.
கரண்டு கம்பெனி எனக்காக ஒரு நாள் காத்ததில்லை.
லண்டன் பேங்க் ஏன் காக்கணும்?"

கொஞ்சம் மூச்சு விட்டார்.

"செத்தவனுக்கு எத்தனை பிள்ளைகள் என்று எழுதிக் கேட்டேன்.
முதல் கடிதத்தில் இரண்டு.
இப்போ மூன்று என்கிறான்.
செத்த பிறகும் ஒன்று பெற்றிருக்கிறான், புண்ணியவான்."

சிரிக்கலாமா என்று தெரியவில்லை எனக்கு.
அவருக்கும் தெரியவில்லை போல.

பதில் எழுதினீர்களா?
இல்லை. அழித்துவிட்டேன்.
பேங்க் கணக்கு நம்பர்?
கொடுத்துவிட்டேன், என்றார் மெதுவாக.
இன்றைக்கே பேங்குக்குப் போங்கள், சொல்லிப் பூட்டச் சொல்லுங்கள்,
முதலில் அது, பிறகுதான் வெட்கம்.

தலையாட்டிவிட்டு கரண்டு பில்லை நீட்டினார்.
பழக்கத்தில் வாங்கினேன், பழக்கத்தில் தட்டினேன்.
இயந்திரம் கர்ரென்று
ரசீதை ஒரு நொடியில் துப்பியது.

ரசீதைப் பார்த்தார்.
பச்சை விளக்கைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார், ரொம்ப நேரம்.

பின்னால் வரிசை முனகியது.
அவர் ஃபிளாஸ்கைத் திறந்து குடுவையில் வெந்நீர் ஊற்றி
கண்ணாடியின் அடிச்சந்து வழியாக என் பக்கம் தள்ளினார்.
கசப்பு. நாக்கு சுட்டது.
"மூவாயிரம்" என்றேன், குழலை விடாமல்,
"என்னிடமிருந்து மூவாயிரம் போச்சு."
என் கணவருக்குக்கூடத் தெரியாது.

அவர் கையை நீட்டிக் குடுவையை வாங்கி
இன்னொரு முறை நிரப்பினார்.